நாலு முழ இடைவெளி

ஜூன் 8, 2020, திங்கள்

இன்று முதல் நான் அதிகாரி. ‘கொரோனா தடுப்பு மேற்பார்வையாளர்’ என்று அட்டையில் அச்சடித்து, நாடாவும் கோத்துக் கொடுத்துவிட்டார் வேல்ச்சாமி அண்ணாச்சி. அவருடைய பெருங்காயக் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் பத்தொன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். தாலிக்கு அப்புறம் என் கழுத்தில் ஒருவர் மாட்டிவிட்டது இதைத்தான்.

அரசாங்கம் அனுப்பிய விதிகள் கட்டாக வந்திருந்தன. அண்ணாச்சி கண்ணாடியைத் தேடி எடுத்து முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி விட்டார். "ஏம்மா ஜெயக்கொடி, இந்தக் கம்பெனியில எனக்குப் பயப்படாதவுக கூட உன் வாய்க்குப் பயப்படுறாக. நீயே பாத்துக்க" என்று என் கையில் திணித்துவிட்டார்.

போகும்போது ஒன்று சொன்னார். "ஆடி பொறக்குற வரைக்கும் இங்க ஒரு கேஸு வரக் கூடாது. வரலைன்னா, வீட்டுல இருக்குற மிச்சப் பொம்பளைகளையும் ஆடி ஒண்ணாந்தேதி வேலைக்குக் கூப்பிட்டுருவேன். வந்துச்சு, ஷட்டரை எறக்கிருவேன். எப்பத் தெறப்பேன்னு எனக்கே தெரியாது."

பங்குனியிலிருந்து பாதிப் பேர் கூலி இல்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். "எப்பக்கா கூப்பிடுவாக?" என்று எனக்குத்தான் தினமும் போன் வருகிறது. ஆகவே இது விளையாட்டு இல்லை.

நடப்பதை எழுதிவைக்க இந்த டைரியையும் அண்ணாச்சிதான் கொடுத்தார். பக்கம் பெரிதாக இருப்பதால் வீட்டு விஷயத்தையும் எழுதப் போகிறேன். என் வீட்டுக்காரர் சீனிராஜ் மினி பஸ் கண்டக்டர். மார்ச்சிலிருந்து பஸ் ஷெட்டில் நிற்கிறது, அவர் என் அடுப்படியில் நிற்கிறார். இன்று அவர் வைத்த சாம்பாரில் பருப்பைப் பிடிக்க வலைதான் வீச வேண்டும். சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஜூன் 9, செவ்வாய்

ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி வேண்டுமாம். டேப்புக்கு எங்கே போவது? ஆறடி என்றால் நாலு முழம். நாலு முழ வேட்டி வீட்டிலேயே இருக்கிறது. கொடியில் காய்ந்ததை உருவிக்கொண்டு போய், தரையில் விரித்து விரித்துச் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். கச்சிதம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வேட்டியைப் பார்த்து, "இது என் கலியாண வேட்டி" என்றார். இருபத்தைந்து வருடத்தில் இன்றைக்குத்தான் அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது என்று சொன்னேன்.

ஜூன் 11, வியாழன்

கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. வீட்டுக்காரருடைய கண்டக்டர் விசிலை எடுத்துப் போனேன். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. பஸ் ஏறிய எல்லாருக்கும் தெரிந்த சட்டம், விளக்கம் தேவையில்லை.

ஒரே ஒரு சிக்கல். வாட்ச்மேன் பரமன் மாஸ்க்கைத் தாடியில் மாட்டிக்கொண்டு நின்றான். அவனை நிறுத்த விசில் ஊத வேண்டும். விசில் ஊத நான் என் மாஸ்க்கை இறக்க வேண்டும். இறக்கி ஊதினேன். "மேடம், உங்க மாஸ்க்கு எறங்கிருக்கு" என்கிறான் அந்தப் படுபாவி. அதற்கப்புறம் விசிலை வாயில் வைத்து அதன்மேல் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டேன். அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாக்கிங்கில் இருக்கிற வாயாடி முத்துரதி சொன்னாளாம். சொல்லட்டும்.

"விசில் இல்லாம கண்டக்டர்னு எப்பிடிச் சொல்லிக்குறது?" என்று வீட்டில் புலம்பல். பஸ்ஸே இல்லாமல் சொல்லிக்கொள்ளவில்லையா?

ஜூன் 15, திங்கள்

இன்று நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எப்படியும் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எழுதுகிறேன்.

நோய் வந்தால் மூக்குக்கு வாசம் தெரியாது என்று நேற்று டிவியில் சொன்னார்கள். வாசத்துக்கு நம் கம்பெனியை மிஞ்சின சாமான் எங்கே இருக்கிறது? காபூல் பக்கத்திலிருந்து வரும் பால் காயம், கலப்படம் செய்யாதது, ஒரு டின்னை கேட்டில் வைத்துத் திறந்தேன். வருகிறவர்கள் எல்லாம் மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றேன்.

முதலில் முத்துரதி. "வாசம் வருதா?" "இல்லக்கா." அவளை வெயிலில் ஓரமாக நிறுத்தினேன். அடுத்தவளுக்கும் இல்லை. அதற்கடுத்தவளுக்கும் இல்லை. வந்த ஒருத்திக்குமே இல்லை. பரமனுக்கும் இல்லை. ஒரே விசிலாக ஊதி, எல்லாரையும் ரோட்டோரம் நிறுத்திவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, கம்பெனியே போச்சு!"

அவர் சாப்பிட்ட கையோடு வந்தார். டின்னில் மூக்கை விட்டார். முகம் வெளிறிப்போனது. "எனக்கும் வரலையேம்மா!" என்று பரமனின் ஸ்டூலில் உட்கார்ந்தவர், போனில் அவர் சம்சாரத்தைக் கூப்பிட்டு, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் திண்டுக்கல் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கவே இல்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க இது, கொடலைப் பொரட்டுது! அந்த டின்னை முதல்ல மூடுங்க!" என்று அலறினார்.

அப்புறம்தான் எல்லாருக்கும் உறைத்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதற்குள்ளேயே கிடக்கிற மூக்கு இதைச் சட்டை பண்ணுவதில்லை. வாங்குகிறவர்களுக்குத்தான் பெருங்காயம் மணக்கும், எங்களுக்கு அது சுண்ணாம்பு மாதிரிதான். முத்துரதி சிரித்த சிரிப்பில் அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. "சாவிய எதுக்குடா சொன்னேன்" என்று முனகிக்கொண்டே போனார்.

ஜூன் 16, செவ்வாய்

பெருங்காயம் ரத்து. இனி மல்லிகைப்பூ. தெருமுனைப் பூக்காரி பஞ்சவர்ணத்திடம் தினமும் இரண்டு முழம் வாங்கி, ஆளுக்கு ஒரு பூவைக் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்கிறேன். கோயில் எல்லாம் பூட்டிக் கிடப்பதால் பஞ்சவர்ணத்துக்கும் வியாபாரம் இல்லை. "நீ மகராசியா இருக்கணும் தாயி" என்றாள்.

மோந்த பூவைத் தலையில் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மதியம் பார்த்தால் பாதிப் பேர் தலையில் ஒற்றைப் பூ.

ஜூன் 23, செவ்வாய்

சாப்பாட்டைப் பங்கு போடக் கூடாது என்பது விதி. இவர்களோ பிறந்ததிலிருந்து அடுத்தவள் குழம்பைத் தொட்டுத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். இன்று ஆளாளுக்கு வட்டத்துக்குள் சமத்தாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், முத்துரதி கருவாட்டுக் குழம்பு டப்பாவைத் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறாள், அடுத்த வட்டத்துக்காரி எடுத்துக்கொண்டு அதே துடைப்பத்தால் திருப்பித் தள்ளுகிறாள்.

"ஆறடி இருக்குல்லக்கா?" என்றாள். இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். துடைப்பத்தைப் பறிமுதல் செய்தேன்.

ஜூன் 29, திங்கள்

மதியம் முத்துரதி இருமினாள். மூன்று தடவை. விசில் ஊதி, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். ஒரு வாரம் வரக் கூடாது, கூலியும் கிடையாது.

"அக்கா, மோர் மொளகா புரை ஏறிருச்சுக்கா. காரம்கா."

"மொளகாயா இருந்தா என்ன, விதின்னா விதி."

அவள் ஒன்றும் பேசாமல் போனாள். வாயாடி பேசாமல் போனால் என்னவோ போலத்தான் இருக்கிறது. ஆனால் பாவ புண்ணியம் பார்த்தால் மற்றவர்கள் கதி என்ன ஆவது? வீட்டில் புளிக்குழம்பு. உப்பு அள்ளிக் கொட்டியிருந்தார், அதையும் சொன்னேன்.

ஜூலை 6, திங்கள்

முத்துரதி வந்துவிட்டாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பூவை மோந்து "வாசம் இருக்குங்க மேடம்" என்றாள். எப்போதும் ‘அக்கா’ என்பவள். போகட்டும்.

ஜூலை 8, புதன்

உடம்பு வலி. நேற்றுச் சாயங்காலம் விருதுநகரில் மழை பெய்தது. இந்த ஊரில் பெய்யாத மழை பெய்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதுதான்.

ராத்திரி ரசம். வெந்நீரில் தக்காளியைக் குளிப்பாட்டி எடுத்து ஊற்றியிருக்கிறார். பூண்டு இல்லை, மிளகு இல்லை, காயக் கம்பெனிக்காரி வீட்டு ரசத்தில் காயமும் இல்லை. சொன்னேன்.

"எல்லாம் போட்டிருக்கு. பக்கத்து வீட்டு அக்கா மணக்குதுன்னு சொம்பு கொண்டாந்து வாங்கிட்டுப் போச்சு."

"அப்ப அவகளுக்கே வடிச்சுக் கொட்டுங்க."

கரண்டியை வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். இனி பேச மாட்டாராம். நல்லது.

ஜூலை 9, வியாழன்

பூவில் வாசமே இல்லை. பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு, நேற்றைய பூவைத் தலையில் கட்டாதே என்று கண்டித்தேன். வேலைக்கு வருகிறவர்களும் மோந்து பார்த்து ‘இருக்கு’ என்கிறார்கள். எனக்குப் பயந்துதான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

ஜூலை 10, வெள்ளி

இன்றும் அப்படியே. ஐஸ் பெட்டியில் வைத்த பூ என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். பஞ்சவர்ணம் முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

ஜூலை 11, சனி

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து கம்பெனிக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் மாடியிலிருந்து தடதடவென்று ஓடி வந்து அடுப்பை அணைத்தார். பால் தீய்ந்து சட்டி கரியாகியிருந்தது.

"தெருவே நாறுது! நீ பக்கத்துலதான இருக்க?"

பொத்தானில் கவனமாக இருந்தேன் என்றேன். மூன்று நாளைக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு இது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டியைக் கழுவாமல் பார்வை என்ன வேண்டிக் கிடக்கிறது?

ஜூலை 12, ஞாயிறு

முழு ஊரடங்கு. வெளியே போக முடியாது. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. சும்மா இருந்த நேரத்தில் அடுப்படி டப்பாக்களைத் திறந்து துடைத்தேன். சீரகம், மல்லித்தூள், காபித்தூள் எல்லாம் நாள்பட்டுப் போயிருக்கின்றன. ஃபினாயிலும் நாள்பட்டுவிட்டது.

ஆடிக்கு இன்னும் நாலே நாள். சீக்கிரம் படுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 13, திங்கள்

காலையில் கேட்டுக்குப் பஞ்சவர்ணமே கூடையோடு வந்துவிட்டாள். வெள்ளைத் துணியைப் பிரித்து, ரோட்டில் நின்று சத்தம் போட்டாள். "முப்பது வருசமா பூக்கட்டுறேன். எம் பூவையா வாசமில்லேங்குற? ஏ புள்ளைகளா, எல்லாரும் மோந்து பாருங்கடி! சாமி சத்தியமாச் சொல்லுங்க, வாசம் இருக்கா இல்லையா?"

"இருக்கு!" என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். பரமன் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, "இங்க வரைக்கும் வருது" என்றான்.

நான் பூவை அள்ளி, மாஸ்க்கை இறக்கி, மூக்கில் வைத்து இழுத்தேன். இன்னொரு தடவை இழுத்தேன். எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்தார்கள். பிறகு, ஒருவரும் சொல்லாமலே, எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு மாதமாக வேட்டி விரித்துக் காட்டியும் நிற்காதவர்கள் இன்று எட்டு முழம் தள்ளி நின்றார்கள்.

மாஸ்க்கை ஏற்றிக்கொண்டேன்.

முத்துரதிதான் முதலில் பேசினாள். "அக்கா, ஆடிக்கு இன்னும் மூணே நாளு. காச்சல்னு ஒரு லீவு சொல்லிட்டு வீட்டுல படுத்துக்கங்க. நாங்க ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டோம்." எல்லாரும் தலையாட்டினார்கள். பஞ்சவர்ணம் கூடையை மூடிக்கொண்டு, "எம் பூவுக்குத்தான் வாசம் இல்லைன்னு நானே சொல்லிக்கிறேன் தாயி" என்றாள்.

முத்துரதி மறுபடியும் அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள். அதுதான் என்னை உடைத்துவிட்டது. ஆசையாகவும் இருந்தது, எழுதுவதற்கென்ன. மூன்று நாள்தானே, வீட்டில் இருக்கிறவர்களுக்கு வேலை வந்துவிடும். ஆனால் இங்கே நிற்கிறவர்களில் யாருக்காவது என்னிடமிருந்து போயிருந்தால்? அவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன, சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கிறார்கள். மோர் மிளகாய்க்கு ஒருத்தியை ஒரு வாரம் பட்டினி போட்டவள், எனக்கு என்று வரும்போது காய்ச்சல் லீவு எழுதுவதா?

விசிலை வாயில் வைத்தேன். மாஸ்க்குக்குள்ளேயே, நீளமாக, ஒரே ஒரு தடவை ஊதினேன். யாரும் அசையவில்லை. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

எனக்கு வாசம் தெரியவில்லை என்றேன். "கொஞ்சம் மெதுவாப் பேசும்மா, யாரு காதுலயும் விழுந்துறாம" என்றார்.

"விதின்னா விதி அண்ணாச்சி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

ஜூலை 15, புதன்

எனக்கு இருக்கிறது என்று ரிசல்ட் வந்தது. கம்பெனி ஷட்டரை இறக்கிவிட்டார்கள். எல்லாருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலை மறித்துத் தகரம் அடித்தாகிவிட்டது. தனி அறையும் தனிக் கக்கூசும் இருப்பதால் வீட்டிலேயே இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. வாடகைக்கு விட்டிருந்த மாடி அறை காலி. நான் மேலே வந்தேன், அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே போனார்.

போன் அடிக்கவே இல்லை. எப்பக்கா கூப்பிடுவாக என்று கேட்கக்கூட இன்று ஒருத்தியும் கூப்பிடவில்லை.

ஜூலை 16, வியாழன்

ஆடி பிறந்தது.

ஜூலை 18, சனி

யாருக்கும் இல்லை! ஒருத்திக்குக்கூட இல்லை. வீட்டுக்காரருக்கும் இல்லை. டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். "ஒரே ஹாலில வேலை பாத்திருக்கீங்க. உங்ககிட்ட யாருமே நெருங்கிப் பேசலையா?" என்று போனில் கேட்டார்.

என்ன சொல்வது என்று முத்துரதியைக் கேட்டேன். "நீங்க வர்றதப் பாத்தாலே நாங்க அந்த மூலைக்கு ஓடிருவோம்லக்கா" என்றாள். நான் விரட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்கள் தாமாகவே ஓடியிருக்கிறார்கள். வீட்டிலும் அதே கதைதான். அன்றைக்கு ரசத்துக்குச் சண்டை வராமல் இருந்திருந்தால் அவருக்கும் வந்திருக்கும். விசிலை அவர் கேட்டபோதெல்லாம் கொடுக்காமல் இருந்ததும் நல்லதாகப் போயிற்று.

சாயங்காலம் அண்ணாச்சி பேசினார். "கேஸு வந்துச்சு. ஆனாப் பரவலைல்ல? மருந்தடிச்சு முடிச்சிட்டாக. ஆடி ஒண்ணுன்னு சொன்னேன், பத்துன்னு வச்சுக்குவோம். எல்லாரையும் ரெண்டு ஷிப்டாக் கூப்பிட்டுர்றேன்." போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

ஜூலை 20, திங்கள்

அவர் சோற்றுத் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு ஒரு விசில் ஊதுகிறார். நான் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தியதும் இரண்டு விசில், அவர் கீழே போய்விடுவார். விசிலை இட்லிச் சட்டியில் வைத்து அவித்து எடுத்தாராம். ஊதும் சத்தத்திலேயே சந்தோஷம் தெரிகிறது.

வாயில் எதை வைத்தாலும் மண். ஆனால் அந்த மனுஷன் தினமும் ஏழெட்டுத் தடவை படி ஏறி இறங்குகிறார். இன்று மனசு கேட்காமல், "கொழம்பு நல்லாருக்கு" என்று சன்னல் வழியாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா போன் செய்தார். "உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டார். சம்சாரம் சாப்பாடு நல்லாருக்குன்னு சொல்றா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரவான்னு கேக்குறார். மூச்சு விடுறதெல்லாம் சரியா இருக்கா?"

ஜூலை 25, சனி

கம்பெனி திறந்துவிட்டது. எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். என் அட்டை இப்போது முத்துரதி கழுத்தில். சாயங்காலம் வாசலில் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, கத்தரிக்காயும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்துவிட்டுப் போனாள். "சர்ட்டிபிகேட்டு இல்லாம வந்தீகன்னா உள்ள விட மாட்டேன். விதின்னா விதிக்கா" என்று கத்தினாள். சிரிப்பு வந்தது. இவளுக்கு நான் ஒரு வாரக் கூலி தர வேண்டும்.

ஜூலை 26, ஞாயிறு

காலையில் அறைக்குள் ஏதோ செத்துக் கிடக்கிற நாற்றம். எலிதான் என்று கட்டிலை நகர்த்தினேன், பரணைப் பார்த்தேன், பாத்ரூமில் தேடினேன். ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் உறைத்தது, எனக்கு நாற்றம் தெரிகிறது! கையில் சோப்பை எடுத்து மோந்து பார்த்தேன். லேசாக வந்தது. குதிக்காத குறை.

எலியை மட்டும் காணவில்லை. மூக்கு போன பக்கமே போனேன். ஆணியில் என் கம்பெனிக் கோட்டு தொங்கியது. கடைசியாக வேலைக்குப் போன அன்று போட்டிருந்த கோட்டு, துவைக்கவில்லை. அதில் மூக்கை வைத்ததும் எனக்கு அடுக்குத் தும்மல் வந்துவிட்டது. பெருங்காயம்! பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அது எனக்கு மணக்கிறது. மணக்கிறதா, அந்த லாரி டிரைவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை.

சன்னலைத் திறந்து கூப்பிட்டேன். "ஏங்க! நான் இப்பிடித்தான் நாறுவேனா?"

கொல்லையில் தக்காளி கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "வாசம் வந்துருச்சா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. தெனமுமா?"

"தெனமும்தான். குளிச்சாலும் போகாது. தலகாணியெல்லாம் அதான்."

"பத்தொம்பது வருசமா ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

தக்காளியைத் திரும்பத் திரும்பக் கழுவினார். "மொதல்ல சொல்லணும்னுதான் நெனச்சேன். அப்புறம் கடைசி டிரிப்பு முடிச்சு வீட்டுக்குள்ள நொழையையில அந்த வாசம் அடிச்சா, நீ வந்துட்டேன்னு தெரியும். வெளக்கப் போடாமலே படுத்துக்குவேன்." கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். "நீ மாடிக்குப் போனதுலருந்து கீழ ஒரு வாசமும் இல்ல. தூக்கம் வர மாட்டேங்குது."

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானா அவரைச் சாம்பாருக்கும் உப்புக்கும் அத்தனை பேச்சுப் பேசினேன் என்று இருந்தது. இனி பேசக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மதியம் படிக்கட்டில் ஒரு விசில். ரசம். ஒரு வாய் வைத்ததும் மண்டை வரைக்கும் ஏறியது. சட்டியில் காயத்தைக் கரைத்து, அதற்குள் கொஞ்சம் ரசம் ஊற்றியிருக்கிறார்.

"ஏங்க, ரசமா இது? யாராவது இம்புட்டுக் காயம் போடுவாகளா? வாயில வைக்க வெளங்கல!"

கீழேயிருந்து தெருவுக்கே கேட்கும்படி இரண்டு விசில் ஊதினார்.